கேட்காமல் குழுவில் சேர்ப்பதும் பட்டியலில் இடுவதும்: கொழும்பு வாசகருக்கான கேள்வி பதில்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ குடியிருக்கும் ஒருவரின் கைத்தொலைபேசியைத் திறந்தால், தொடர்மாடிக் குடியிருப்பாளர் குழு, பிள்ளையின் வகுப்புக் குழு, பழைய மாணவர் சங்கக் குழு, கோயில் திருவிழா உபயகாரர் குழு, கனடாவிலும் இலண்டனிலும் உள்ள உறவினர் குழு என்று வரிசையாக நிற்கும். அவற்றுள் அவர் தாமே விரும்பிக் கேட்டுச் சேர்ந்தவை ஒன்றோ இரண்டோதான். ஏனையவற்றில் யாரோ ஒருவர் அவரைச் சேர்த்திருப்பார். அப்படிச் சேர்க்கப்படுவதைப் பற்றி வாசகர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதப்பட்டுள்ளது.

குழு, பட்டியல் ஆகிய இரண்டையும் ஏன் சேர்த்துப் பேச வேண்டும்?

குழுவில் சேர்க்கப்பட்டவருக்கு அது உடனே தெரிந்துவிடும், ஏனெனில் செய்திகள் அவரிடம் வந்து குவியத் தொடங்கும். பட்டியலில் இடப்பட்டவருக்கு எதுவும் வராது. அவருடைய பெயரையோ கணக்கையோ வேறொருவர் ஒரு தலைப்பின் கீழ் எழுதி வைத்திருப்பார், அதைப் பலர் பார்த்துக்கொண்டும் இருப்பார்கள். முதலாவது நம்முடைய நேரத்தை எடுத்துக்கொள்கிறது. இரண்டாவது நம்மைப் பற்றிய ஒரு கூற்றை நம்மைக் கேளாமல் வெளியிடுகிறது. இரண்டிலும் முடிவெடுப்பவர் ஒருவர், அதன் விளைவைச் சுமப்பவர் வேறொருவர் என்பதால் இவற்றை ஒன்றாக வைத்துப் பார்ப்பது பொருத்தம்.

என்னைக் கேட்காமல் ஒருவர் என்னை வட்ஸ்அப் குழுவில் சேர்க்க முடியுமா?

முடியும். நீங்கள் எதையும் மாற்றாமல் விட்டிருந்தால், உங்கள் தொலைபேசி இலக்கத்தை வைத்திருக்கும் எவரும் உங்களைச் சேர்க்கலாம். வட்ஸ்அப் தொடங்கி நெடுங்காலம் வரை இதைத் தடுக்க வழியே இருக்கவில்லை. 2019 ஏப்ரலில், இந்தியப் பொதுத் தேர்தலுக்குச் சற்று முன்னர், யார் தம்மைச் சேர்க்கலாம் என்பதைப் பயனரே தீர்மானிக்கும் வசதி முதலில் இந்தியாவில் தரப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் அது உலகெங்கும் வந்தது.

அமைப்புகளில் ‘தனியுரிமை’ என்ற பகுதியைத் திறந்து, அதனுள் ‘குழுக்கள்’ என்பதைத் தொட்டால் மூன்று தெரிவுகள் இருக்கும். எல்லோரும் சேர்க்கலாம், உங்கள் தொடர்பேட்டில் உள்ளவர்கள் மட்டும் சேர்க்கலாம், அல்லது தொடர்பேட்டில் உள்ளவர்களுள் நீங்கள் விலக்கியவர்கள் நீங்கலாக மற்றவர்கள் சேர்க்கலாம். அனுமதி இல்லாத ஒருவர் உங்களைச் சேர்க்க முயன்றால், தனிச் செய்தியாக உங்களுக்கு ஓர் அழைப்பை அனுப்பும்படி செயலி அவரிடம் கூறும். அந்த அழைப்பு மூன்று நாள்களுக்குச் செல்லும். ஏற்க விரும்பாவிட்டால் நீங்கள் எதுவும் செய்யத் தேவையில்லை, அது தானாகவே காலாவதியாகிவிடும்.

‘தொடர்பேட்டில் உள்ளவர்கள் மட்டும்’ என்று மாற்றிவிட்டால் போதுமா?

பெரும்பாலானவர்களுக்குப் போதாது. நம் தொடர்பேட்டில் இருப்பவர்கள் எல்லோரும் நம்முடைய நண்பர்கள் அல்லர். குழாய் திருத்த வந்தவர், வீட்டுத் தரகர், முன்பொரு காலத்தில் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த ரியூசன் மாஸ்டர், புறக்கோட்டையில் ஒருமுறை சாமான் வாங்கிய மொத்த வியாபாரி, எப்போதோ ஏறிய முச்சக்கர வண்டியின் சாரதி என்று எல்லோருடைய இலக்கமும் அங்கே கிடக்கின்றன. அவர்களுள் எவரும் நாளைக்குத் தம் வியாபாரக் குழுவிலோ ஒரு வேட்பாளருக்கு ஆதரவான குழுவிலோ உங்களைச் சேர்த்துவிடலாம்.

ஆகவே மூன்றாவது தெரிவை எடுத்து, விலக்கப்பட வேண்டியவர்களாக எல்லோரையும் ஒரே தடவையில் தெரிவு செய்துவிடுவதே என் பரிந்துரை. அப்படிச் செய்தால் யாருமே நேரடியாக உங்களைச் சேர்க்க முடியாது, எல்லோரும் அழைப்பு அனுப்பியே ஆக வேண்டும். பிறகு புதிதாக யாருடைய இலக்கத்தையாவது சேமித்தால் அவர் இந்த விலக்கலுக்குள் வரமாட்டார் என்பதால், இடைக்கிடை திரும்பிப் பார்த்துக்கொள்வது நல்லது. ‘எவரும் சேர்க்க முடியாது’ என்று நேரடியாகச் சொல்லும் தெரிவு 2019 ஏப்ரலில் இருந்தது, நவம்பரில் அதை எடுத்துவிட்டு இந்தச் சுற்றுவழியை வைத்தார்கள். பயனருக்கு எளிதாக இருந்ததை ஏன் சிக்கலாக்கினார்கள் என்பது எனக்கு இன்னும் விளங்காத விடயம்.

பிடிக்காவிட்டால் விலகிவிடலாமே, இதில் என்ன பெரிய பிரச்சினை?

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. பெரும்பாலும் குழு நடத்துபவர்களிடமிருந்தே வருகிறது, ஆகையால் இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

ஒரு வட்ஸ்அப் குழுவில் இன்று 1,024 பேர் வரை இருக்கலாம். நீங்கள் சேர்க்கப்பட்ட கணத்திலேயே அவர்கள் அனைவரும் உங்கள் இலக்கத்தைப் பார்க்கலாம், சேமிக்கலாம், படியெடுக்கலாம். நீங்கள் ஒரு நிமிடத்தில் வெளியேறினாலும் அந்த ஒரு நிமிடத்தில் பார்க்கப்பட்டது பார்க்கப்பட்டதுதான். சுயவிவரப் படத்தையும் கடைசியாக இணைப்பிலிருந்த நேரத்தையும் தொடர்பேட்டில் உள்ளவர்களுக்கு மட்டும் என்று மட்டுப்படுத்த முடியும். இலக்கத்தை அவ்வாறு மறைக்க முடியாது. தனியே வாழும் பெண்கள், பிரிந்த கணவரிடமிருந்தோ தொல்லை தந்த ஒருவரிடமிருந்தோ விலகி இலக்கத்தை மாற்றிக்கொண்டவர்கள் ஆகியோருக்கு இது வெறும் அசௌகரியத்தோடு முடிந்துவிடுவதில்லை.

இரண்டாவதாக, வெளியேறுவது ஒரு செயலாகப் பார்க்கப்படுகிறது, சேர்ப்பது அப்படிப் பார்க்கப்படுவதில்லை. 2022 ஓகஸ்ட் வரை எவர் விலகினாலும் ‘இவர் விலகினார்’ என்ற வரி குழுவிலுள்ள அனைவரின் திரையிலும் தோன்றியது. அதன் பின்னர் விலகும் செய்தி நிர்வாகிகளுக்கு மட்டும் போகும்படி மாற்றினார்கள். ஆயினும் கடந்த 60 நாள்களில் விலகியவர்களின் பெயர்களைத் தேடிப் பார்க்க விரும்புபவர் பார்க்கலாம். திருவிழா உபயகாரர் குழுவிலிருந்து விலகியவர் காசு கொடுக்க விரும்பாதவர் என்றும், பழைய மாணவர் குழுவிலிருந்து விலகியவர் தலைக்கனம் பிடித்தவர் என்றும் பேசப்படுவதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். சேர்த்தவரைப் பார்த்து ‘ஏன் கேட்காமல் சேர்த்தீர்கள்’ என்று யாரும் கேட்பதில்லை.

விலகும் உரிமை இருப்பதால் கேட்க வேண்டிய கடமை இல்லாமற் போகும் என்ற வாதத்தை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான். முன்கூட்டிக் கேட்டால் மறுப்பவர் ஒருவருக்கு மட்டும் மறுக்கிறார். சேர்த்த பின் அவர் ஒரு சபைக்கே மறுக்க வேண்டியிருக்கிறது.

உறவினர் குழுவில் இருந்து எப்படி விலகுவது? பெரியப்பா கோபித்துக்கொள்வார்.

விலகத்தான் வேண்டும் என்று கட்டாயமில்லை. குழுவின் ஒலியை நிரந்தரமாக நிறுத்தி, அதைக் காப்பகத்துக்கு மாற்றிவிட்டால், புதிய செய்தி வந்தாலும் அது முன்பக்கத்துக்கு ஏறி வராது. யாராவது உங்களைப் பெயர் குறித்து அழைத்தால் மட்டும் அடையாளம் தெரியும். ஊடகங்கள் தாமாகவே இறங்குவதையும் நிறுத்திவிட்டால், காலை வணக்கப் படங்கள் உங்கள் தொலைபேசியின் இடத்தைத் தின்னா.

உறவினர் குழுக்களில் மரண அறிவித்தல்களும் வருகின்றன என்பதை மறந்துவிட முடியாது. ரொறன்ரோவில் இருப்பவருக்கு யாழ்ப்பாணத்தில் நடந்த சாவீட்டுச் செய்தியும், கொழும்பில் இருப்பவருக்கு இலண்டனில் நடந்ததும் இப்போது பெரும்பாலும் இவ்வழியாகவே தெரியவருகின்றன. செத்தவீட்டுக்குப் போகாமல் விட்ட குறை பல ஆண்டுகளுக்குச் சொல்லிக் காட்டப்படும் சமூகம் நம்முடையது என்பதால், அந்தக் குழுவில் சும்மா இருப்பதன் பெறுமதி அதிலிருந்து வெளியேறும் நிம்மதியைவிடச் சிலருக்கு அதிகமாக இருக்கும். அது அவரவர் முடிவு. விலகத் தீர்மானித்தால், விலகுவதற்கு முன்னர் குழுவில் எழுதாமல் பெரியப்பாவுக்குத் தனியாக ஒரு வரி எழுதுங்கள்: ‘பெரியப்பா, வேலை நேரத்தில் தொலைபேசியைப் பார்க்க முடிவதில்லை, குழுவில் இருந்து விலகுகிறேன், முக்கியமான செய்தி என்றால் எனக்கு அழைப்பெடுங்கள்.’ சபையில் சொல்லப்படும் காரணத்தைவிடத் தனியாகச் சொல்லப்படும் காரணத்தைப் பெரியவர்கள் எளிதாக ஏற்றுக்கொள்வார்கள்.

விலகிய பிறகும் திரும்பத் திரும்பச் சேர்க்கிறார்கள். என்ன செய்வது?

சேர்ப்பவரைத் தடை செய்யுங்கள். தடை செய்யப்பட்டவரால் உங்களைக் குழுவில் சேர்க்க முடியாது. ஆனால் நீங்கள் இருவரும் வேறொரு குழுவில் ஏற்கெனவே இருந்தால், அங்கே அவர் எழுதுவது உங்களுக்குத் தெரியும், நீங்கள் எழுதுவதும் அவருக்குத் தெரியும்.

குழுவே இல்லாமல் ஒருவர் பலருக்கு ஒரே செய்தியை அனுப்புகிறாரே, அது என்ன?

அது ஒலிபரப்புப் பட்டியல். ஒரு பட்டியலில் 256 பேர் வரை இருக்கலாம், பெறுபவருக்கு அது தனிச் செய்தியாகவே வந்து சேரும். இதில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு: அனுப்புபவரின் இலக்கத்தை நீங்கள் உங்கள் தொலைபேசியில் சேமித்திருந்தால் மட்டுமே அச்செய்தி உங்களை அடையும். வேண்டாத விளம்பரம் அனுப்பும் ஒருவரின் இலக்கத்தைத் தொடர்பேட்டில் இருந்து நீக்கிவிட்டால் அவருடைய பட்டியல் உங்களைப் பொறுத்தவரை செயலற்றுப் போகும். யாரிடமும் எதையும் விளக்கத் தேவையில்லை. ஒப்புதல் என்பதைத் தொழில்நுட்பமே மதிக்கும்படி அமைக்க முடியும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு. குழுக்களையும் முதலிலிருந்தே இப்படி அமைத்திருக்கலாம்.

வைபரிலும் டெலிகிராமிலும்?

இரண்டிலும் தனியுரிமை அமைப்புகளில் இதற்கான தெரிவு உண்டு. டெலிகிராமில் ஒரு குழுவில் 200,000 பேர் வரை இருக்கலாம் என்பதால் அங்கே இதை மாற்றி வைப்பது அவசரமானது. மறுபுறம், டெலிகிராமில் உங்கள் இலக்கத்தை மற்றவர்களுக்குத் தெரியாமல் மறைத்துவைக்க முடியும்.

பேஸ்புக்கில் என்னைக் கேட்காமல் குழுவில் சேர்க்க முடியுமா?

முன்பு முடிந்தது. 2010 ஒக்டோபரில் பேஸ்புக் தன் குழுக்களைப் புதிதாக அமைத்தபோது, நண்பராக இருக்கும் எவரும் மற்றவரை நேரே உறுப்பினராக்கிவிடலாம் என்று வைத்தது. அதன் விளைவை உலகுக்குக் காட்டிய நிகழ்ச்சி 2012 ஒக்டோபரில் அமெரிக்கப் பத்திரிகையொன்றில் வெளிவந்தது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஒருபாலீர்ப்புள்ளவர்களுக்கான பாடகர் குழுவொன்றில் இரு மாணவர்கள் சேர்ந்தார்கள். அதன் தலைவர் அவர்களைப் பாடகர் குழுவின் பேஸ்புக் குழுவில் இணைத்தார். அவர் எந்தத் தீய எண்ணமும் இல்லாமல்தான் செய்தார். ஆனால் அது திறந்த குழுவாக இருந்ததால், இணைக்கப்பட்ட செய்தி அம்மாணவர்களின் நண்பர்கள் பலருக்குப் போனது. அந்த நண்பர்களுள் அவர்களுடைய தந்தையரும் இருந்தனர். தம் விருப்பத்தைக் குடும்பத்துக்குத் தெரியாமல் காக்க அம்மாணவர்கள் தனியுரிமை அமைப்புகளைக் கவனமாக வைத்திருந்தும், வேறொருவரின் ஒரு சொடுக்கு அவ்வளவையும் தாண்டிச் சென்றது.

இப்போது பேஸ்புக்கில் ஒருவர் உங்களைச் சேர்த்தால் நீங்கள் அழைக்கப்பட்டவராக மட்டுமே கருதப்படுவீர்கள், ஏற்றுக்கொண்ட பின்னரே உறுப்பினர் ஆவீர்கள்.

எக்ஸ் தளத்தில் என் கணக்கை யாரோ ஒரு பட்டியலில் சேர்த்திருக்கிறார். நீக்கச் சொல்ல முடியுமா?

சொல்லலாம், அவர் கேட்க வேண்டியதில்லை. இந்தத் தளம் டுவிட்டர் என்ற பெயரில் இருந்தபோது, 2009இல் பட்டியல் வசதி தொடங்கப்பட்டது. அன்றிலிருந்து இன்றுவரை, என்னைப் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்று முன்கூட்டியே தடுக்கும் அமைப்பு அங்கே இல்லை. இருக்கும் ஒரே வழி, பட்டியலை உருவாக்கியவரைத் தடை செய்வது. தடை செய்தவுடன் நீங்கள் அதிலிருந்து அகற்றப்படுவீர்கள். ‘நல்ல கவிஞர்கள்’ என்ற பட்டியலில் இட்டவரை அப்படிச் செய்யத் தேவையில்லை. ஓர் இழிசொல்லைத் தலைப்பாக வைத்து அதன் கீழ் ஊடகவியலாளர்களையும் பெண் செயற்பாட்டாளர்களையும் அடுக்கி, வசைபாடுவதற்கு ஆள்காட்டும் பட்டியல்களும் உண்டு. அவற்றுக்காகத்தான் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பட்டியல் தனிப்பட்டதாக வைக்கப்பட்டிருந்தால், அதில் நீங்கள் இருப்பதே உங்களுக்குத் தெரியவராது.

2017 பெப்ரவரியில் நடந்த ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். பட்டியலில் சேர்க்கப்படும்போது வரும் அறிவிப்பு பலருக்குத் தொல்லையாக இருக்கும் என்று எண்ணி, அந்த அறிவிப்பையே டுவிட்டர் நிறுத்தியது. தொல்லைக்கு ஆளாகியவர்கள் உடனே எதிர்த்தார்கள், ஏனெனில் தம்மைக் குறிவைத்து ஒரு பட்டியல் உருவாகிறது என்பதை அறிய அவர்களுக்கு இருந்த ஒரே வழி அந்த அறிவிப்புத்தான். ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் நிறுவனம் பின்வாங்கியது. வீட்டு வாசலில் யாரோ கோலால் குறி இடுகிறார்கள் என்றால், குறி இடுபவரைத் தடுக்காமல் வீட்டுக்காரரின் கண்ணைக் கட்டுவது போன்ற தீர்வு அது.

எல்லாத் தளங்களிலும் இப்படித்தானா?

இல்லை. எக்ஸைப் போன்ற சமூக வலைத்தளமான மஸ்டடோனில் பட்டியல்கள் அதை உருவாக்கியவருக்கு மட்டுமே தெரியும், அவர் பின்தொடரும் கணக்குகளை மட்டுமே அதில் இட முடியும். இன்ஸ்டகிராமில் நெருங்கிய நண்பர்கள் என்ற பட்டியல் 2018 முதல் இருக்கிறது. அதில் சேர்க்கப்பட்டாலும் நீக்கப்பட்டாலும் அறிவிப்பு வராது, அதில் யார் யார் இருக்கிறார்கள் என்பதும் உரியவருக்கு மட்டுமே தெரியும். அப்படிப்பட்ட பட்டியல்களால் எவருக்கும் பாதிப்பில்லை என்பதால் அவற்றுக்கு ஒப்புதல் கேட்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஒருவர் தம் நாட்குறிப்பில் யாருடைய பெயரை எழுதினாலும் அது அவர் சுதந்திரம். பலர் பார்க்கும்படி வெளியிடப்படும்போதுதான் கேள்வி எழுகிறது.

இதெல்லாம் மேலைநாட்டுக் கவலைகள் அல்லவா? நம் ஆட்களுக்கு இது முக்கியமா?

கொழும்பில் வாழும் தமிழரைப் பார்த்து இப்படிக் கேட்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. 1983 ஜூலையில் இந்நகரத்தின் தெருக்களில் வந்த கும்பல்கள், தமிழர் குடியிருந்த வீடுகளை அடையாளம் காண வாக்காளர் இடாப்புகளைக் கையில் வைத்திருந்தன. வாக்களிக்கும் உரிமைக்காக மக்கள் தாமே பெயர் கொடுத்துப் பதிந்த இடாப்பு அது. ஒரு நோக்கத்துக்காகத் தொகுக்கப்பட்டது வேறொரு நோக்கத்துக்குப் பயன்பட்டது.

போர்க்காலத்தில் வீட்டில் தங்குபவர்களின் விபரங்களைப் பொலிஸில் பதிவது அன்றாட நடைமுறையாக இருந்ததை நாற்பது வயதைத் தாண்டிய எவரும் மறந்திருக்கமாட்டார். 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர்கள் பேருந்துகளில் ஏற்றப்பட்டு நகரை விட்டு அனுப்பப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்த பின்னரே அது நின்றது.

வகுப்புக் குழுவையும் திருவிழாக் குழுவையும் இவற்றோடு ஒப்பிடுவது என் நோக்கமில்லை. இக்குழுக்களை நடத்துபவர்கள் நல்லெண்ணம் உள்ளவர்கள். ஆனால் ‘வெள்ளவத்தைத் தமிழ்க் குடும்பங்கள்’ என்ற தலைப்பில் பெயர், இலக்கம், தொடர்மாடியின் பெயர், வீட்டிலக்கம் ஆகியவற்றை ஒரே கோப்பில் தொகுத்து நூற்றுக்கணக்கானவர்கள் இருக்கும் குழுவில் பகிர்வது எத்தகைய பொருளை உருவாக்குகிறது என்பதை, அதைத் தட்டச்சு செய்பவர் ஒரு கணம் நின்று எண்ண வேண்டும். பட்டியல் எழுதியவரின் எண்ணம் பட்டியலோடு கூடப் பயணிப்பதில்லை.

இலங்கைச் சட்டம் என்ன சொல்கிறது?

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இத்துறைக்குரிய முதன்மைச் சட்டம். தரவைத் தெளிவான நோக்கத்துக்காக மட்டும் திரட்ட வேண்டும், அந்நோக்கத்தை மீறிப் பயன்படுத்தக் கூடாது, ஒப்புதல் தந்தவர் அதை மீளப் பெறலாம் என்பன அதன் அடிப்படைகள். இனம், மதம், அரசியல் கருத்து, உடல்நலம் ஆகியன பற்றிய தரவுகளுக்கும் பிள்ளைகளின் தரவுகளுக்கும் கூடுதல் பாதுகாப்பு உண்டு. இதைக் கண்காணிக்கத் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபையும் ஏற்படுத்தப்பட்டது. சட்டத்தின் பகுதிகள் படிப்படியாகவே நடைமுறைக்கு வரும் வகையில் அமைக்கப்பட்டுள்ளன, முக்கியமான பகுதிகளுக்கு ஒருமுறை குறிக்கப்பட்ட நாளும் பின்னர் தள்ளிவைக்கப்பட்டது. எனவே முறைப்பாடு செய்ய எண்ணுபவர், எந்தப் பிரிவு செயலில் இருக்கிறது என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தனியாள் ஒருவர் முற்றிலும் சொந்த அல்லது வீட்டுத் தேவைக்காகத் தரவைக் கையாள்வதற்கு இச்சட்டம் பொருந்தாது. ஆகவே உங்கள் மைத்துனர் உங்களை உறவினர் குழுவில் சேர்த்ததற்குச் சட்டத்தில் பரிகாரம் தேட முடியாது. புடவைக் கடை, தனியார் கல்வி நிலையம், காப்புறுதி நிறுவனம் போன்றவற்றின் நிலை வேறு. கடையில் பற்றுச்சீட்டு எழுதும்போது வாங்கிய இலக்கத்தை எடுத்து விளம்பரக் குழுவில் சேர்ப்பது சொந்தத் தேவை ஆகாது. ஒருவருக்கு இத்தகைய செய்திகளை அனுப்ப அவருடைய ஒப்புதல் வேண்டும் என்றும், செலவின்றி அவற்றை நிறுத்தும் வழியை அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் சட்டத்தில் தனிப் பகுதியே உண்டு. கட்சிகளும் வேட்பாளர்களும் இதைக் கவனித்துப் படிப்பது நல்லது, ஏனெனில் ஒரு வேட்பாளரின் ஆதரவாளர் குழுவில் ஒருவருடைய பெயர் இருப்பது அவருடைய அரசியல் கருத்தைப் பற்றிய அறிவிப்பாகவே வாசிக்கப்படும்.

பாடசாலை வகுப்புக் குழுவில் சேராமல் இருக்க முடியுமா?

நடைமுறையில் கடினம், வீட்டுப்பாடமும் பரீட்சை அட்டவணையும் அங்கேதான் வருகின்றன. கேட்க வேண்டியவை வேறு: நிர்வாகிகள் மட்டும் எழுதும்படி குழு அமைக்கப்பட்டிருக்கிறதா, பிள்ளைகளின் படங்களும் புள்ளிகளும் அங்கே இடப்படுகின்றனவா, வருட முடிவில் குழு கலைக்கப்படுகிறதா? ஒரு பிள்ளையின் புள்ளிகளை நாற்பது பெற்றோர் பார்க்கும்படி இடுவதற்கு எந்த ஆசிரியருக்கும் தேவை இருக்க முடியாது.

வெளிநாட்டு இலக்கமொன்று என்னை முதலீட்டுக் குழுவில் சேர்த்திருக்கிறது.

பதில் எழுதாதீர்கள், இணைப்புகளைத் தொடாதீர்கள். குழுவின் விபரப் பக்கத்தில் ‘முறையிட்டு விலகு’ என்பதைத் தெரிவு செய்யுங்கள். அப்போது கடைசி ஐந்து செய்திகள் வட்ஸ்அப் நிறுவனத்துக்குப் போகும். அக்குழுவில் ‘எனக்கு இவ்வளவு இலாபம் வந்தது’ என்று எழுதும் பத்துப் பேரும் பெரும்பாலும் ஒரே கூட்டத்தின் ஆட்களாகவே இருப்பார்கள். ஆளைச் சேர்த்து ஆளுக்குக் காசு பெறும் பிரமிட் திட்டங்களை நடத்துவதும் அவற்றில் பங்கெடுப்பதும் வங்கித்தொழில் சட்டத்தின் கீழ்க் குற்றம் என்று இலங்கை மத்திய வங்கி தொடர்ந்து எச்சரித்து வருகிறது. காசு இழந்திருந்தால் வங்கிக்கு உடனே அறிவித்துவிட்டுப் பொலிஸ் கணினிக் குற்ற விசாரணைப் பிரிவுக்கு முறையிடுங்கள்.

நான் ஒரு சங்கத்தின் செயலாளர். உறுப்பினர் எல்லோரையும் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லையே?

ஒவ்வொருவராகக் கேட்கத் தேவையில்லை. இணைப்பு முகவரியைச் சங்கத்தின் கடிதத்திலோ கூட்டத்திலோ கொடுத்து, விரும்புபவர்கள் வந்து சேரட்டும் என்று விட்டுவிடலாம். முகவரி வெளியே போனால் எவரும் நுழைவார் என்பதால், புதியவரை நிர்வாகி ஏற்ற பின்னரே சேர்க்கும் அமைப்பை இயக்கி வையுங்கள். எல்லோரும் சேர்ந்த பின் முகவரியை மீளமைத்துவிடுங்கள், பழையது செல்லாமற் போகும்.

அறிவித்தல் கொடுப்பது மட்டுமே உங்கள் தேவை என்றால் குழுவே வேண்டாம். 2023 செப்டெம்பரில் இருந்து பெரும்பாலான நாடுகளில் கிடைக்கும் வட்ஸ்அப் அலைவரிசையில் (நிர்வாகி மட்டும் எழுத, விரும்புபவர்கள் பின்தொடரும் வசதி இது), பின்தொடர்பவர்களின் இலக்கம் நிர்வாகிக்கும் தெரியாது, ஏனைய பின்தொடர்பவர்களுக்கும் தெரியாது. ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவித்தலுக்கும் நினைவுப் பேருரை அழைப்பிதழுக்கும் இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை. ‘எல்லோரும் ஒரே இடத்தில் இருந்தால் ஒரு களை இருக்கும்’ என்று தலைவர்மார் விரும்புவது எனக்கும் தெரியும். அந்தக் களை பெரும்பாலும் பிறந்தநாள் வாழ்த்துகளிலும் முன்னனுப்பப்பட்ட காணொளிகளிலும் கரைந்து, பொதுக்கூட்டத் திகதி யார் கண்ணிலும் படாமல் போய்விடுவதையும் அவர்கள் கவனித்திருப்பார்கள்.

குழு வேண்டும் என்றே முடிவு செய்தால், கேட்கும் செய்தியில் நான்கு விடயங்கள் இருக்கட்டும்: குழு எதற்கு, யார் யார் இருப்பார்கள், யார் எழுதலாம், எப்போது கலைக்கப்படும். எடுத்துக்காட்டாக: ‘வணக்கம் ஐயா. ஆடிவேல் அன்னதான ஒழுங்குக்காக ஒரு வட்ஸ்அப் குழு தொடங்குகிறோம். உபயகாரரும் தொண்டர்களுமாக ஏறக்குறைய முப்பது பேர் இருப்பார்கள், எல்லோருக்கும் உங்கள் இலக்கம் தெரியவரும். விழா முடிந்த வாரம் குழு கலைக்கப்படும். விருப்பமாயின் கீழுள்ள முகவரியால் இணையுங்கள். இல்லாவிட்டால் விபரங்களைத் தொலைபேசியில் சொல்கிறோம்.’ கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். வேறு வழி இல்லை என்றால் அவர் தருவது ஒப்புதல் ஆகாது.

மேலதிகாரி என்னை அலுவலகக் குழுவில் சேர்த்திருக்கிறார். மறுக்க முடியுமா?

முகத்துக்கு நேரே மறுப்பது எல்லோராலும் இயலாது. அலுவலகத்துக்கென்று தனி சிம் அட்டை வைத்துக்கொள்வது செலவு குறைந்த வழி, இரண்டு சிம் கொள்ளும் தொலைபேசிகள் எங்கும் கிடைக்கின்றன. குழுவில் இருந்துகொண்டே, இரவில் வரும் செய்திகளுக்கு மறுநாள் காலையில் பதில் அளிப்பதாக முன்கூட்டியே பணிவாகச் சொல்லிவைப்பவர்களையும் கண்டிருக்கிறேன்.

அம்மாவின் தொலைபேசியில் இந்த அமைப்புகளை நானே மாற்றிவிடலாமா?

அவரைக் கேட்டுவிட்டு மாற்றுங்கள். நமக்குத் தொல்லையாகத் தெரியும் கோயில் குழுவும் ஊர்க்காரர் குழுவும், பிள்ளைகள் வேலைக்குப் போன பின் தொடர்மாடியில் தனியே இருக்கும் ஒருவருக்குப் பகற்பொழுதின் துணையாக இருக்கலாம். அவர் பக்கத்தில் இருந்து, எந்தக் குழுவில் யார் சேர்த்தார் என்று அவரிடமே கேட்டுக் கேட்டுப் பாருங்கள். தெரியாத இலக்கங்கள் சேர்த்தவற்றிலிருந்து அவர் கையாலேயே விலகச் செய்யுங்கள். இனிமேல் அழைப்பு வந்தால் அது எப்படித் தோன்றும் என்பதையும் காட்டிக் கொடுங்கள். இல்லாவிட்டால் அந்த மூன்று நாள் அழைப்பைக் கண்டு ஏதோ கோளாறு என்று எண்ணி, சேர விரும்பிய குழுவையும் அவர் தவறவிட்டுவிடுவார்.